ஜாடிக்குள் ஓர் ஆணைத் தேடி

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பீதியில் பட்டணமே காலியாகிக்கொண்டிருந்தபோது கல்லூரியை மூடி எங்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றப் பெண்கள் பெட்டி படுக்கையோடு போனார்கள். நான் ஒரு மைக்ராஸ்கோப்பை மடியிலும், துணி சுற்றிய கண்ணாடி ஜாடிகளைக் காலடியிலும் வைத்துக்கொண்டு அம்பத்தூரில் வந்து இறங்கினேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

ஜாடிகளில் இருந்தது ரோட்டிஃபர். குளத்து நீரில் வாழும் பொடி உயிர். வெறும் கண்ணுக்குத் தூசி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தலையில் இரண்டு சக்கரங்கள் சுற்றுவது போலிருக்கும். என்னிடம் இருந்தவை அத்தனையும் பெண். ஆண் துணையே இல்லாமல் முட்டையிடும்; அதிலிருந்தும் பெண்ணே பிறக்கும்; அதுவும் முட்டையிடும். ஆண் எப்போதாவதுதான் தோன்றும். எதனால் தோன்றுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. இதை அம்மாவிடம் விளக்கியபோது, "ஆம்பளையே இல்லாத குடும்பமா? குட்த்து வச்சதுங்க!" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

என் பேராசிரியர் வழி சொல்லியிருந்தார். பட்டினி போடு, ஆண் வரும் என்றார். குளம் வற்றி இரை குறையும்போதுதான் ஆணுக்கு வேலை. ஆணோடு சேர்ந்தபின் இடும் முட்டைக்குத் தடித்த ஓடு, அது காய்ந்த சேற்றிலும் சாகாது என்பது அவர் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆணைப் பிடித்துக் காட்டினால், கல்லூரி திறந்ததும் மாணவிகளுக்குச் சோதனை செய்து காட்டும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை எனக்கு.

வீட்டில் வேறு கணக்கு ஓடியது. மழை பொய்த்து ஏரி சுருங்கிக் கிடந்தது. எங்கள் நிலத்தில் ஒன்றும் விளையவில்லை. கடையில் அளந்து கொடுத்த அரிசி வாரத்துக்குக் காணாமல், கேழ்வரகுக் கஞ்சியில் பொழுது போயிற்று. அந்தச் சமயம் பார்த்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஆவடியில் பட்டாளத்துக் கிடங்கில் வேலை. அவர் படிப்பைப் பற்றியோ குணத்தைப் பற்றியோ எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் மூன்று வேளையும் அரிசிச் சோறு என்பதை மட்டும் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

நைனா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நீ தேட்றது கெட்ச்சா வேலைக்குப் போ. நான் குறுக்க நிக்கமாட்டேன். கெடைக்கலன்னா ஆடி கயிஞ்சதும் பரிசம்" என்றார். எனக்கு ஒரு மாப்பிள்ளையை அவர்கள் பார்த்து வைத்தாயிற்று. ஜாடிக்கு ஒன்றை நான் பார்த்தாக வேண்டும். சிரிப்பு வந்திருக்க வேண்டிய விஷயம். எனக்கு வரவில்லை.

பட்டினி போட்டேன். இரை இல்லாத தெளிந்த நீரில் அவற்றை மாற்றினேன். முதலில் முட்டைகள் குறைந்தன, பிறகு நின்றன, பிறகு சக்கரங்களும் நின்றன. ஆண் மட்டும் வரவில்லை. ஜாடி ஜாடியாகச் செத்தன. தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸ் வழியே பார்த்துவிட்டு, செத்ததை முற்றத்தில் கொட்டினேன். பேராசிரியர் மேல் கோபம், நைனா மேல் கோபம், வாய் திறக்காமல் செத்துத் தொலைகிற அந்த உயிர்கள் மேலும் கோபம்.

கடைசியில் ஒரே ஒரு ஜாடி மிஞ்சியது. அதற்கு மட்டும் நான் இரையை நிறுத்தவில்லை. வைக்கோலை வேகவைத்து ஊறவிட்ட கலங்கல் தண்ணீர்தான் இரை. அதில் வளரும் நுண்ணுயிர்களைத் தின்று அவை பிழைத்திருந்தன. அந்தத் தண்ணீரை ஒரு பானையில் சேர்த்து வைத்திருந்தேன். ஒருநாள் காலையில் பானையைத் திறந்தால், அடி தெரியும்படி தெளிந்து கிடக்கிறது.

"ஏம்மா, இதுல இன்னா பண்ணே?"

"ஏரித் தண்ணின்னு நென்ச்சேன்டி. ஒரே கலங்கலா கீதேன்னு தேத்தாங்கொட்டைய ஒரசி வுட்டேன். எப்டி தெளிஞ்சிச்சி பாத்தியா!"

அந்தக் கோடையில் எந்த வீட்டிலும் தேத்தாங்கொட்டை உரசாமல் தண்ணீர் குடிக்க முடியாது. அம்மாவைக் குற்றம் சொல்ல வழியில்லை. ஆனால் அத்தனை இரையும் அழுக்கோடு அழுக்காக அடியில் படிந்துவிட்டது. புதிதாக வைக்கோல் ஊறி அதில் உயிர் பிடிக்கும்வரை என் ஜாடி தாங்காது.

ஏரிக்கு ஓடினேன். வற்றிய ஏரியின் நடுவில் மிஞ்சிய தண்ணீர் கீரை மசியல் மாதிரி பச்சையாக நின்றது. செம்பில் மொண்டு, நைனாவின் பழைய வேட்டியைப் பல மடிப்பு மடித்து, திரும்பத் திரும்ப வடிகட்டினேன். ஏரியின் ரோட்டிஃபர் எதுவும் கூடவே வந்துவிடக் கூடாதே என்று துளித் துளியாகப் பார்த்தேன். பச்சைப் பொடிகள் மட்டுமே நீந்தின. ஆனாலும் பயம் போகவில்லை. இருந்த உயிர்களை இரண்டு கிண்ணங்களாகப் பிரித்தேன். ஒன்றுக்குப் பானையின் அடி வண்டலைக் கலக்கி ஊற்றினேன். மற்றதற்குப் பச்சைத் தண்ணீர்.

வண்டல் கிண்ணத்தில் இருந்தவை ஏதோ உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தன. பச்சைத் தண்ணீரில் விழுந்தவை தின்றன பாருங்கள், குடல் முழுக்கப் பச்சை தெரிந்தது. பெண்கள் பெருகினார்கள். பெண்கள் மட்டும்தான். ஆடி முடியப் போகிறது. அம்மா கூறைப் புடவை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் சரியாகச் சாப்பிடாமல் ஜன்னலடியிலேயே கிடந்தேன்.

பிறகு ஒரு காலை, பச்சைக் கிண்ணத்துப் பெண்களில் சிலவற்றின் முட்டைகள் வழக்கத்தைவிடச் சிறுத்திருந்தன. மறுநாள், தாயின் அளவில் பாதிகூட இல்லாத ஒன்று லென்ஸுக்கடியில் குறுக்கே பாய்ந்து ஓடியது. பின்னாலேயே இன்னொன்று. "நைனா!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் பாம்பு என்று நினைத்துக் கம்போடு வந்தார்.

கம்பை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "எங்கம்மா?"

"அதோ, சின்னதா ஓடுது பாரு நைனா."

"இதுக்கு வாயக் காணோமே?"

"வாயும் கெடையாது, வயிறும் கெடையாது."

"பரவால்லியே. இவனுக்கு ரேஷன் தேவையில்ல" என்றார். பிறகு, "பட்டினி போட்டதுல வந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல நைனா. பட்டினி கெடந்தது ஒண்ணும் ஆம்பளைய தேடல. செத்துதான் போச்சி. வயிறு ரொம்ப தின்னதுக்கு அப்பால தான் இது வந்துச்சி."

நான் ரோட்டிஃபரைத்தான் சொன்னேன். நைனா தலை நிமிரவில்லை. அந்த ஆண் எப்போதோ பார்வையை விட்டுப் போயிருக்கும். அவர் கண்ணை லென்ஸிலேயே வைத்திருந்தார்.

"அந்த ஊட்டுலயாவது நீ அரிசிச் சோறு துன்னுவேன்னுதாம்மா..." என்றார்.

அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அழுதுவிட்டேன். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பரிசம் வேண்டாம் என்று தானே ஆவடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவதாக அம்மாவிடம் சொன்னார்.

"வெறும் வயித்தோட போவாதே, கஞ்சி ஊத்தறேன்" என்றாள் அம்மா.

"அவளுக்கு ஊத்து" என்று சொல்லிவிட்டு நைனா படியிறங்கினார்.