பல் பிடுங்கிய அன்று ஓடிய நாலரைக் கிலோமீட்டர்

கிளப்பில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இருபத்தொரு வயது கோல்கீப்பரிலிருந்து ஓய்வு பெறப்போகும் புல்வெட்டுக்காரர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். மேற்குப் பக்கப் பார்வையாளர் படிகளுக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை. இரண்டு சலவை இயந்திரங்கள், ஓர் உலர்த்தும் இயந்திரம், சுவரில் இருபத்தாறு கொக்கிகள். பதினேழு வருடமாக அக்காவின் ராஜ்ஜியம் அது. அதற்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைத்தார். "அங்க ரத்தம், இங்க சேறு. சேறு எவ்வளவோ தேவலை" என்பார்.

ஆட்டக்காரன் எப்படி இருக்கிறான் என்பதை அவன் கழற்றிப் போடும் துணியை வைத்தே அக்கா சொல்லிவிடுவார். இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் ஒருவன் உண்டு, ஒல்லி என்று பெயர். அவன் சட்டையைப் பிழிந்தால் அரை வாளி தண்ணீர் வரும். நடுக்களத்தில் ஆடும் சுருட்டையின் சட்டையோ, பயிற்சி முடிந்து வரும்போதே மடித்து அலமாரியில் வைக்கலாம் போல இருக்கும். "தம்பி, நீ மைதானத்துக்குப் போனியா, இல்ல சினிமாவுக்கா?" என்று அக்கா கேட்பார். "மூளையால ஆடறவனுக்கு வேர்க்காதுக்கா" என்பான் சுருட்டை.

போன வருடம் புதிய கோச் வந்தார். அவரோடு ஒரு பெட்டி நிறைய டப்பாக்களும், அவற்றைப் பார்த்துக்கொள்ள லேப்டாப்பும் வந்தன. லேப்டாப் என்பது ஒரு மனிதர். மடியில் அந்தக் கருவி இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை என்பதால் அதுவே பேராகிவிட்டது. டப்பா தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சட்டைக்குள்ளே போடும் இறுக்கமான கையில்லாத பனியனின் முதுகுப் பையில் அதைச் செருகிவிட வேண்டும். எவ்வளவு தூரம் ஓடினான், எவ்வளவு வேகம் என்று எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும்.

இது எனக்குத் தெரிகிறது, உங்களுக்கும் இப்போது தெரிகிறது. அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. "மூணாம் நம்பர் டப்பா மூணாம் நம்பர் பனியன்ல. பதினாலு பதினாலுல. மாறக்கூடாது" என்றார் லேப்டாப். எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, "அது உங்களுக்கு வேணாம்க்கா" என்று சிரித்தார். தினமும் அதைத் தொட்டு, துடைத்து, சார்ஜில் போட்டு, செருகுகிறவருக்கு அது என்ன என்று சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தினார்கள்.

ஒருநாள் சுருட்டையின் பனியனில் மூக்கு உடைந்த ரத்தம். ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் அக்கா அதைக் கொதிநீரில் போட்டார். கறை போனது, பனியனும் சுருங்கிப் போனது. சுருட்டைக்குப் பரந்த நெஞ்சு. "மூச்சு முட்டுதுக்கா, இது என்ன பொம்மைக்குத் தைச்சதா?" என்றான். அக்கா யோசித்தார். ஒல்லியின் உடம்புக்கு இந்தப் பதினாலாம் நம்பர் கச்சிதமாக இருக்கும். அவனுடைய மூன்றாம் நம்பரைச் சுருட்டைக்குக் கொடுத்துவிடலாம். கொக்கியில் மாற்றி மாட்டினார். இருவருக்கும் திருப்தி. மேலே சட்டை போட்டுக்கொள்வதால் பனியன் நம்பர் வெளியே தெரியாது.

அதற்குப் பிறகு ஆறு வாரம், ஒருநாள்கூடத் தவறாமல், மூன்றாம் நம்பர் டப்பாவை மூன்றாம் நம்பர் பனியனிலும், பதினாலைப் பதினாலிலும் அக்கா செருகினார். சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தார்.

மேலே, மாடி அறையில், லேப்டாப்பின் திரையில் ஒல்லி திடீரென்று சோம்பேறி ஆனான். நாளுக்கு எட்டுக் கிலோமீட்டர் ஓடியவன் நாலரைக்கு இறங்கிவிட்டான். சுருட்டையோ எட்டைத் தொட்டுக்கொண்டிருந்தான். கோச்சுக்கு இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? ஒல்லிக்குத் தினமும் பிற்பகலில் தனி ஓட்டம். எல்லோருக்கும் உள்ள பிற்பகல் எடைப்பயிற்சியிலிருந்து சுருட்டைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு. பிற்பகலில் டப்பாக்கள் சார்ஜில் இருக்கும்; ஆகவே அந்தத் தனி ஓட்டம் எந்தத் திரையிலும் ஏறவில்லை.

ஆட்டங்களில் என்ன நடந்தது என்பதுதான் வேடிக்கை. நன்றாக ஓய்வெடுத்த சுருட்டை நாலு ஆட்டத்தில் மூன்று கோல் போட்டான். ஒல்லி எழுபதாவது நிமிடத்துக்கு மேல் நொண்டிக் குதிரை மாதிரி ஆனான். எதிரணிக்காரர்கள் அவன் பக்கமாகவே புகுந்து வந்தார்கள். "உழைக்கிறவன் ஜொலிக்கிறான், உழைக்காதவன் அம்பலமாகிறான். எல்லாம் பயிற்சியில் இருக்கிறது" என்று கோச் நிருபர்களிடம் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. திரையும் அதைத்தான் சொன்னது, ஆட்டமும் அதைத்தான் சொன்னது. இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரிப் பேசினால் குறுக்கு விசாரணை எதற்கு?

வருடக் கடைசியில் இருபத்தாறு பேரில் நாலு பேரைக் கழித்துவிட்டு மீதிப்பேர் பட்டியலை ஒட்டுவார்கள். ஒல்லிக்கு இருபத்தொன்பது வயது. இங்கே கழித்துவிட்டால் வேறு கிளப் அவனை வாங்காது. பட்டியலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவன் சலவை அறைக்கு வந்து, துணிக்கூடை மேல் உட்கார்ந்து, ஒரு தாளை நீட்டினான்.

"அக்கா, நான் பைத்தியமா?"

"யார் சொன்னது?"

"இந்தத் தாள் சொல்லுது. நான் ஓடறதே இல்லையாம். எனக்குக் கால் கழண்டு விழுது, ஆனா நான் ஓடலயாம். வீட்டுக்காரி கேக்கறா, 'அப்போ தினமும் எங்கதான் போறீங்க?'ன்னு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சுக்கா."

அக்கா தாளைப் பார்த்தார். தேதி, தேதிக்கு நேராகக் கிலோமீட்டர். அவருக்கு அப்போதுதான் டப்பா எதற்கு என்பதே புரிந்தது.

"இந்தச் செவ்வாக்கிழமை நீ வரலையே, தம்பி? கன்னம் வீங்கி, மறுநாள் வாய் பேசாம வந்தியே."

"ஆமா, கடவாப் பல் பிடுங்கப் போனேன்."

"நாலரைக் கிலோமீட்டர்னு போட்டிருக்கு."

ஒல்லி தாளைப் பிடுங்கிப் பார்த்தான். "பல் டாக்டர் வீட்டு மாடிப்படி அவ்வளவு உயரம் இல்லையேக்கா!" என்றான். சிரிக்க ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். அக்கா கொக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் பஸ் டிரைவர். முப்பது வருடம் ஒரே தடத்தில் ஓட்டியவர்.

"சொன்னா என்னை அனுப்பிடுவாங்க. சொல்லலைன்னா அவனை அனுப்பிடுவாங்க" என்றார் அக்கா.

"நீ என்ன தப்புப் பண்ணின? நம்பர் பார்த்துத்தானே போட்ட?"

"பனியனை மாத்தினது நான்தானே?"

"பனியனை மாத்தினா ஆள் மாறிடுவான்னு உனக்கு எவன் சொன்னான்?" அவர் நியாயமான மனிதர். ஆனால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அவரே குழம்பினார். "இரு. அப்போ அந்தச் சுருட்டை ஓடாமலேயா கோல் போட்டான்?"

"அதான் எனக்கும் தலையும் புரியல, காலும் புரியல."

மறுநாள் காலை அக்கா பதினாலாம் நம்பர் பனியனையும் தாளையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். பதினேழு வருடத்தில் அந்த அறைக்குள் அவர் துண்டு கொடுக்கத்தான் போயிருக்கிறார். இருவரின் பனியனையும் தான் மாற்றிக் கொடுத்ததைச் சொன்னார். லேப்டாப்பின் முகம் வெளுத்தது. விரல்கள் தடதடவென்று தட்டின. பல் பிடுங்கிய செவ்வாய்க்கிழமை, சுருட்டையின் பெயருக்கு நேராகப் பூஜ்யம். அன்று சுருட்டை மைதானத்தில் இருந்ததைக் கோச்சே பார்த்திருக்கிறார். பார்த்துத் திட்டியும் இருக்கிறார்.

"பூஜ்யம்னு இருக்கே, அன்னைக்கே கேட்கலையா?" என்றார் கோச்.

"டப்பா பழுதுன்னு நினைச்சேன் சார்."

ஒரே நாளில் ஒருவனுடைய டப்பா பழுது, மைதானத்துக்கே வராதவனுடைய டப்பா ஓட்டம். படித்தவர் கண்ணில் அது படவில்லை. கோச் அக்காவின் பக்கம் திரும்பினார். "உங்களால ஆறு வாரம் நாசம்."

"சார், ஒல்லி சட்டையைப் பிழிஞ்சா தண்ணி கொட்டும். சுருட்டை சட்டையில உப்பே இருக்காது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன்."

கோச் விடவில்லை. "ஒல்லி கடைசி இருபது நிமிஷம் விட்டுட்டான். அதை டப்பா சொல்லல, நான் கண்ணால பார்த்தேன்" என்றார்.

"நீங்க மத்தியானத்துல ஓட விட்டதும் கண்ணால பார்த்ததுதானே சார்?"

கோச் தாளை வாங்கிப் பார்த்தார். ஒல்லிக்குத் தனி ஓட்டத்தை நிறுத்தினார். பட்டியலுக்கு முன் மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆட்டம். அதில் அவன் தொண்ணூறு நிமிடமும் ஆடினான். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடிப் பந்தை மறித்தான். வெள்ளிக்கிழமை பட்டியலில் அவன் பெயர் இருந்தது, ஒரு வருடத்துக்கு. அவன் அறைக்குள் வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, ஓட்டத்தை நிறுத்தினதால தேறினேனா? இல்ல, நான் பைத்தியம் இல்லன்னு தெரிஞ்சதால தேறினேனா?"

"எதிர்ல ஆடினவங்க கடைசி இடத்துல இருக்கறவங்க தம்பி. அதையும் சேர்த்துக்கோ."

அவன் சிரித்துக்கொண்டே போனான். ஓர் ஆட்டத்தை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரியும் என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் சுருட்டை வந்தான். சட்டையைக் கழற்றி அக்காவின் மேஜையில் தொப்பென்று போட்டான். முதல்முறையாக அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"திருப்தியாக்கா? நான் சோம்பேறின்னு கோச் கண்டுபிடிச்சுட்டாராம். அடுத்த சீசன் முழுக்க எனக்கு மத்தியான ஓட்டம். இன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. என்னை ஏன் மாட்டிவிட்ட?"

ஒருவனைக் காப்பாற்றப் போனபோது இன்னொருவன் அந்த இடத்தில் போய் விழுவான் என்பது அக்காவுக்குத் தோன்றவே இல்லை. நனைந்த சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். மறுபடி மாடி ஏறினார்.

"சார், சுருட்டை ஓடாமத்தானே மூணு கோல் போட்டான்? அவனை எதுக்கு ஓட வைக்கறீங்க? ஒல்லிக்குப் பண்ணினதையே இவனுக்கும் பண்றீங்களே."

லேப்டாப் தலையைத் தூக்கவில்லை. கோச் எரிந்து விழுவார் என்றுதான் அக்கா நினைத்தார். ஆனால் அவர் ஜன்னல் வழியாகக் காலியான மைதானத்தைப் பார்த்தபடி, உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார்:

"நல்லா ஓடினவனை நான் கெடுத்தேன். சும்மா விட்டவன் கோல் போட்டான். அப்போ நான் எதுக்கு இருக்கேன், அக்கா?"

அவரும் அக்கா என்று கூப்பிட்டது அன்றுதான். "அது எனக்குத் தெரியாது சார். ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேளுங்க, எங்க வலிக்குதுன்னு. அங்கேர்ந்து ஆரம்பிங்க" என்றார் அக்கா.

கோச் லேப்டாப்பைப் பார்த்தார். லேப்டாப் திரையைப் பார்த்தார். பிறகு கோச்சே எழுந்து, கதவைத் திறந்து, படிக்கட்டுப் பக்கம் தலையை நீட்டி, சுருட்டையைக் கூப்பிட்டார்.