ரெண்டு சீட்டா, நாலு சீட்டா?

எட்டு வருஷமாக எதிர்பார்த்திருந்த கடிதம் வந்தபோது கிளெம் ஹாட்னெட் அதைப் படித்துவிட்டு நாலாக மடித்தார். வாசலில் நின்ற வேலை வேனைத் திறந்து, கருவிப்பெட்டியின் அடியில் செருகி மூடிவிட்டார். மனைவி ஏவிஸிடம் சொல்லவில்லை. தம்பி நெவிலிடமும் சொல்லவில்லை.

கடிதம் மால்வெர்ன் மலையடியில் இருந்த கார்த் தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தது. 1988ஆம் வருஷத்திலும் அங்கே மரச்சட்டம் செதுக்கி, அதன்மேல் தகட்டைக் கையால் தட்டி வளைத்துத்தான் கார் செய்தார்கள். நீளமான மூக்கு, இரண்டு பக்கமும் வழிந்து இறங்கும் சக்கர மூடிகள், மேலே கூரையில்லாத உடம்பு. கிளெமின் அப்பா காலத்திலும் அதே உருவம்தான். பெயர் பதிந்து வைத்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிளெமின் முறை இப்போது வந்துவிட்டது. வண்டி என்ன நிறம், உள்ளே தோல் என்ன நிறம் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் இருந்த கேள்வி, இரண்டு இருக்கையா நான்கு இருக்கையா என்பது. ஒரு மாதத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

பெயர் பதிந்தபோது இந்தக் கேள்விக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. கிளெமுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பிரோம்யார்டில் தண்ணீர் வாரியத்தின் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஏவிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தார். குழந்தைகள் இல்லை, அதற்காக ஏங்கிய காலமும் கடந்துபோயிருந்தது. வேல்ஸ் கடற்கரை வரைக்கும் இரண்டு பேரும் திறந்த காரில் போய், வழியில் எங்கேயாவது தங்கி, மறுநாள் வேறு பாதையில் திரும்புவது என்று சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்துப் பேசிக்கொள்வார்கள். இரண்டு பேர், இரண்டு இருக்கை. அவ்வளவுதான் கணக்கு.

நாலு வருஷம் கழித்து லெட்பரியில் இருந்த அம்மா இறந்துபோனார். அடக்கம் முடிந்த மாலை, அதுவரை அம்மாவோடு இருந்த நெவில் ஒரு பெட்டியோடும், கோட்டின் மேல் பொத்தான் வரை மாட்டியும் இவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

நெவில் கிளெமுக்கு எட்டு வயது இளையவர். பிறந்ததிலிருந்தே எதையும் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டார், படிக்க வரும், நிதானமாக, எழுத வராது. வார நாட்களில் ஹியர்போர்டில் இவரைப் போன்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் பகல் மையத்துக்கு, அந்த மையத்து வேனிலேயே போய் வருவார். வியாழக்கிழமை மீன்தான் சாப்பிடுவார். வீட்டிலேயே இருந்தாலும் டை கட்டுவார். நல்ல மனிதர், குறும்பும் உண்டு. ஆனால் அவரை விட்டுவிட்டு இரண்டு பேரும் கடைக்குக்கூடச் சேர்ந்து போனதில்லை. ஒருவர் போனால் ஒருவர் வீட்டில் இருப்பார்கள், இல்லாவிட்டால் மூன்று பேரும் போவார்கள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை, தானாக அமைந்துவிட்டது.

கடிதத்தை ஒளித்து வைத்த பத்து நாளும் கிளெமின் மனசு அவரைப் படாத பாடு படுத்தியது. நான்கு இருக்கை வண்டிதான் நியாயம் என்பது தெரியாமல் இல்லை. இரண்டு இருக்கை வண்டி தாழ்வாக, ஒரே வீச்சில் வரைந்த கோடு மாதிரி இருக்கும். நாலு இருக்கை வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த அழகுக்காகத்தான் தயங்குகிறேன் என்று முதல் இரண்டு நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்றாம் நாள் பம்ப் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது உண்மை பிடிபட்டது. இரண்டு இருக்கை என்றால் நெவிலுக்கு இடம் கிடையாது. அதனால்தான் அது வேண்டியிருந்தது. அந்த நினைப்பு வந்ததும் கையிலிருந்த தேநீரை அப்படியே வெளியே கொட்டிவிட்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு தம்பியின் முகத்தை நேராகப் பார்ப்பதே கஷ்டமாகிவிட்டது.

பதினோராம் நாள் ஏவிஸிடம் கடிதத்தைக் காட்டினார். மனசில் இருந்ததைக் காட்டவில்லை. ஏவிஸ் படித்து முடிக்கக்கூட இல்லை, நாலு இருக்கைதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு சீவப் போய்விட்டார். கிளெம் நாலு இருக்கைக் கட்டத்தில் பென்சிலால் லேசாகக் கோடு போட்டு வைத்தார்.

விஷயம் வேலையிடத்தில் பரவியது. கூட வேலை செய்யும் ஹெட்லி சும்மா இருப்பாரா? "நாலு சீட்டா? பின்னாடி ரெண்டு பன்னிக்குட்டிய ஏத்திக்கிட்டு சந்தைக்குக் கிளம்பப் போறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். கிளெமும் சிரித்துவைத்தார். சிரித்தது உதடு மட்டும்தான்.

பதில் அனுப்புவதற்கு முன் தொழிற்சாலைக்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை மூன்று பேரும் வேனில் கிளம்பினார்கள். நெவில் புதுத் தொப்பி போட்டிருந்தார். வழக்கம்போல வேனின் பின்பக்கம், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் இருந்த குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து வந்தார்.

கார்பெட் என்ற மேஸ்திரி அவர்களைக் கூட்டிப்போனார். புருவத்திலெல்லாம் மரத்தூள் படிந்த பெரிய மனிதர். ஒரு கொட்டகையிலிருந்து அடுத்த கொட்டகைக்கு ஆட்கள் அரைகுறைக் கார்களைக் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். மரச்சட்டத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று நெவில் கேட்டார். "தாராளமாத் தொடுங்க கண்ணு, தொட்டாத்தான் தெரியும்" என்றார் கார்பெட். நெவில் கதவுச் சட்டத்தின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது வழவழப்பாக இல்லை என்றார். கார்பெட் குனிந்து பார்த்து, உண்மைதான் என்று உப்புத்தாள் கொண்டுவரச் சொன்னார். நெவிலுக்கு ஓர் அங்குலம் உயரம் கூடிவிட்டது.

பிறகு நாலு இருக்கை வண்டி ஒன்றில் ஏற்றி மலைச் சாலையில் ஒரு சுற்று காட்டினார்கள். கார்பெட் ஓட்டினார். கிளெம் முன்னால், ஏவிஸும் நெவிலும் பின்னால். முன்னால் இருந்தவர்களுக்குக் கண்ணாடி மறைப்பு இருந்தது. பின் இருக்கையோ அச்சுக்கு மேலே உயரத்தில் இருந்தது; ஏப்ரல் காற்று முழுசும் அங்கே உட்கார்ந்தவர்கள் மூஞ்சியில்தான். முதல் திருப்பத்திலேயே நெவிலின் தொப்பி பறந்து வேலிக்கு அப்பால் போனது. ஏவிஸ் தலையில் கட்டியிருந்த துணியை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்து நின்றபோது அவருக்குப் பல் கிட்டித்துப் போயிருந்தது. எப்படி இருந்தது என்று கிளெம் கேட்டதற்கு, நன்றாக இருந்தது, ரொம்ப நன்றாக இருந்தது என்றார்.

நெவில் இறங்கினார், டையைச் சரிசெய்தார், முற்றத்தைக் கடந்து நேராக நடந்தார். அங்கே யாருக்காகவோ முடிந்து நின்ற ஒரு பச்சை நிற இரண்டு இருக்கை வண்டி இருந்தது. அதன் கதவைத் திறந்து, ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

கிளெம் ஓடினார். அது வேறு ஒருவருடைய வண்டி, இறங்கு என்றார். பரவாயில்லை, உட்காரட்டும் என்று கார்பெட் கையைக் காட்டினார்.

"எனக்கு இதுதான் வேணும்" என்றார் நெவில்.

"இது ரெண்டு சீட்டு வண்டிப்பா. நமக்கு நாலு சீட்டு. உனக்கு எடம் இருக்கணும்ல?"

"சென்டர் வேன்ல நான் பின்னாடி. அம்மா கார்லயும் பின்னாடி. உன் வேன்ல பெயிண்ட் டப்பாவோட பின்னாடி. எனக்குப் பின்னாடி வேண்டாம், கிளெம். தொப்பி போயிடுச்சு."

"இதுல ரெண்டு பேர்தான் போக முடியும், நெவில்."

"எனக்கு எண்ணத் தெரியும்."

கார்பெட் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

நெவில் தன் திட்டத்தை நிதானமாகச் சொன்னார். சனிக்கிழமை கிளெமும் தானும் போவது, ஏவிஸ் வீட்டில் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை கிளெமும் ஏவிஸும் போவது, தான் வீட்டில் இருப்பது. இதை எப்போது யோசித்தாய் என்று கிளெம் கேட்டார். கடிதம் வந்த அன்றைக்கே என்று பதில் வந்தது. தபாலை வாசலிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தது நெவில்தான். உறையில் கார்க்காரர்கள் முத்திரை இருந்ததைப் பார்த்திருக்கிறார்.

"யாராச்சும் என்னைக் கேப்பீங்கன்னு இருந்தேன். யாரும் கேக்கல."

கிளெம் திரும்பி மனைவியைப் பார்த்தார். ஏவிஸ் சுவரோரம் அடுக்கியிருந்த பலகைகள்மேல் உட்கார்ந்துவிட்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது; ஆனால் முகம் அழுகிற முகமாக இல்லை.

"சனிக்கிழமை மத்தியானம் பூரா வீட்ல நான் மட்டும்தானா?" என்று கேட்டார். "கிளெம், நாலு வருஷமா வீட்ல நான் மட்டும்னு ஒரு மணி நேரம் இருந்ததில்ல. இதைக் கேட்டா நீங்க ரெண்டு பேரும் என்ன நெனப்பீங்களோன்னு வாயே வரல. அந்தப் பின் சீட்டுல இன்னொரு தடவ உக்காரச் சொன்னா நான் செத்தே போயிடுவேன்."

நெவில் பச்சை வண்டிக்குள்ளிருந்தே, "நானும்" என்றார்.

கிளெம் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். பென்சில் கோட்டை அழிக்க ரப்பர் இல்லை. கார்பெட் தன் காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலால் அதை அழுத்தி அடித்துவிட்டு, இரண்டு இருக்கைக் கட்டத்தில் கோடு போட்டார். நிறத்தை நெவில் சொன்னார்: அந்தப் பச்சையே. திரும்பும்போது ஏவிஸ் தானாகவே வேனின் பின்னால் ஏறி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நெவில் முன்னால் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டே வந்தார், கிளெமுக்கு அந்த வழி தெரியாத மாதிரி.

கார் மறு வருஷம் மே மாதம் வந்து சேர்ந்தது. முதல் சனிக்கிழமை அண்ணனும் தம்பியும் பிரோம்யார்டு மேட்டுநிலத்துக்குப் போய், புல்வெளி ஓரம் நிறுத்தி, ஹாம் சாண்ட்விச்சைப் பிரித்தார்கள். ஒரு வருஷமாகக் கிளெமின் நெஞ்சில் ஒரு பாரம் உட்கார்ந்திருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததால் அது இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. பக்கத்தில் தம்பி இவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருக்கும்போது சொல்லாமல் இருப்பது அவருக்குப் பொய் மாதிரி பட்டது.

"நெவில், லெட்டர் வந்தப்போ ரெண்டு சீட்டுதான் வேணும்னு நெனச்சேன். நீ வரக் கூடாதுன்னு நெனச்சேன்."

நெவில் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"எப்பவுமேவா?"

"இல்லப்பா. சில நேரம்."

"எனக்கும் சில நேரம் நீ வேண்டாம்" என்றார் நெவில். "சாப்பிடும்போது நீ ரொம்பக் கேள்வி கேக்குற."

கிளெம் ஸ்டீயரிங்கின்மேல் நெற்றியை வைத்துச் சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நிமிர்ந்தபோது, வேலை முடிந்து பம்பை நிறுத்தியதும் காது லேசாவது போல உடம்பு முழுசும் லேசாகியிருந்தது. இன்னொரு சாண்ட்விச் கேட்டார். அது கடைசி, தனக்கு என்று நெவில் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போனபோது ஏவிஸ் வரவேற்பறையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்து, தரையில் படுத்திருந்தார். இவர்களைக் கண்டு எழுந்திருக்கவும் இல்லை.

அடுத்த நாள்தான் சோதனை. நெவிலை முழுசாக ஒரு மத்தியானம் தனியே விட்டது கிடையாது. அடுப்பைத் தொடாதே, யாராவது கதவைத் தட்டினால் ஜன்னல் வழியாகப் பார், ஏதாவது என்றால் பக்கத்து வீட்டு மிஸஸ் இன்ஸ்டோனைக் கூப்பிடு என்று கிளெம் மூன்று தடவை சொன்னார். நெவில் மூன்று தடவையும் தலையாட்டினார். இரண்டு பேரும் மேற்கே கிளம்பினார்கள். வழியில் இருந்த லெம்ஸ்டர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் கிளெமின் கண்ணில் வீடு எரிந்தது, நெவில் மாடிப்படியில் விழுந்தார், யாரோ திருடன் வந்தான். ஏவிஸ் சாலையையே பார்த்துக்கொண்டு, திருப்பு என்று மட்டும் சொன்னார். அவருக்கும் அதே நினைப்புதான்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கி ஓடினார்கள். வீடு இருந்தது. நெவில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, டையைத் தளர்த்திவிட்டு, தொலைக்காட்சியில் புல்தரையில் பந்து உருட்டும் பவுல்ஸ் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் பிஸ்கட். அவர்கள் உள்ளே வந்த சத்தம் கேட்டு மணியைப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்கு வரேன்னீங்க. இப்போ மூணு கூட ஆகல."

ஒன்றுமில்லை, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார் கிளெம்.

"பாத்தாச்சுல்ல?"

நெவில் எழுந்து வந்து இரண்டு பேரையும் வாசல்வரை கொண்டுவிட்டார். கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. கிளெமும் ஏவிஸும் படிக்கட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "கடற்கரைக்கு இன்னொரு நாள் போவோம்" என்றார் ஏவிஸ், தலைத்துணியைக் கட்டிக்கொண்டே. "இப்போ பக்கத்துல கிங்டன் வரைக்கும் போலாம். இந்தத் தடவ நான் ஓட்டுறேன்." கிளெம் சாவியை எடுத்துக் கொடுத்தார்.