சிவப்புப் பேனா டொக்டர்

எங்கள் வார்டு டொக்டருக்கு நரைத்த மீசை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. தாதிமார் நாங்கள் எழுதும் ஆங்கில அறிக்கைகளை நோயாளிகளுக்கு முன்னாலேயே சத்தமாக வாசித்துத் திருத்துவார்.

வெளிநாடு போக, மருத்துவத் துறையினருக்கென்று தனி ஆங்கிலப் பரீட்சை இருக்கிறது. அதில் ஒருமுறை தவறிய நான், தெரிந்த முகம் எதுவும் வராது என்று நம்பி, எல்லோரும் எழுதும் பொதுப் பரீட்சைக்கு வெள்ளவத்தைக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் அவர் நின்றார்.

கூசிப்போய்த் தலையைக் குனிந்தேன். அவர் தமிழில், மெதுவாகக் கேட்டார்: "நீங்களும் அந்த மருத்துவச் சோதனையில பெயிலா, மிஸ்?"

"ஓம், டொக்டர்."

"வார்டில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

இன்றும் எல்லோருடைய அறிக்கையையும் திருத்துகிறார். என்னுடையதை மட்டும் வாசித்துவிட்டுப் பேசாமல் மூடி வைக்கிறார். எங்கே பிழையென்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.