ஜிம்மியைப் பாஸ் பண்ணவைத்தது

ஒன்பது வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. ஏழாம் வாய்ப்பாடு கொஞ்சம் உதைக்கும். மற்றபடி உலகத்தில் எதையும் சமாளித்துவிடலாம் என்ற தைரியத்தோடுதான் ஏற்காட்டு மலையில் திரிந்துகொண்டிருந்தேன். அப்பா, மாரமங்கலம் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எஸ்டேட் கொடுத்த ஓட்டு வீடு, வீட்டுக்கு முன்னால் காப்பிக்கொட்டை காயப்போடும் களம், களத்துக்குக் காவலாக ஜிம்மி. நான் பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்துவிட்ட நாய். என்னைத் தான்தான் வளர்த்ததாக அவனுக்கு ஓர் எண்ணம் உண்டு. யாராவது அவனை 'அது' என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

அந்த வருஷம் மழை விட்டதும் அவன் வயிற்றில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. எலுமிச்சை அளவில் இருந்தவரை யாரும் கவலைப்படவில்லை. ஆரஞ்சு அளவுக்கு வந்ததும் அப்பா எஸ்டேட் ஜீப்பைக் கேட்டு வாங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். இருபது வளைவிலும் ஜிம்மி என் மடியில் வாந்தி எடுத்தான். மாட்டாஸ்பத்திரி டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, ஈரல் வரைக்கும் போய்விட்டது, அறுத்தால் மேஜையிலேயே உயிர் போய்விடும் என்றார். வலிக்கு மாத்திரை கொடுக்கலாம், அதுவும் கேட்காத ஒரு நாள் வரும், அன்றைக்கு ஒரு ஊசியில் தூங்கவைத்துவிடுவதுதான் நல்லது, அந்த நாள் எது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும் என்று அனுப்பிவிட்டார்.

அப்பா எதையும் சட்டம் போட்டுச் செய்கிறவர். வீட்டுக்கு வந்ததும் அம்மாவையும், அம்மாவின் அண்ணனான என் மாமாவையும் உட்காரவைத்துப் பேசினார். மாமா மலைமேல் இருந்த மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஊசி போடவேண்டி வந்தால் அவர்தான் போடவேண்டும்.

"அவனா எந்திரிச்சுத் தட்டுக்கிட்ட வர்ற வரைக்கும் இருக்கட்டுங்க மச்சான். என்னைக்கு வரலியோ, அன்னைக்கு முடிச்சுரலாம்" என்றார் அப்பா.

மாமா சரி என்றார். சனிக்கிழமைதோறும் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அம்மா எழுந்து அடுப்பை ஊதப் போய்விட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட நான்தான் மிகவும் நிம்மதி அடைந்தேன். இது ஒரு பரீட்சை, அவ்வளவுதானே! பாஸ் மார்க் என்ன என்பதும் தெரிந்துவிட்டது. மக்குப் பையன்களையே தேற்றிவிடுகிற டீச்சர்களிடம் படிக்கிற எனக்கு ஜிம்மி எம்மாத்திரம்?

அன்றே பாடம் தொடங்கியது. அவன் தட்டு சமையற்கட்டு வாசலில் இருக்கும். படுக்கிற சாக்கு களத்துச் சுவரோரம். தட்டை நான் தினம் ஒரு சாண் சாக்குப் பக்கமாக நகர்த்தினேன். சோற்றில் கருவாட்டுத் துண்டை ஒளித்துவைத்தேன். அப்புறம் தட்டுக்குப் பக்கத்தில் நின்று "ஜிம்மி, வாடா!" என்று கூப்பிடுவேன். அவன் எழுந்துவிடுவான். ஒரு வாரம் கழித்து முன்காலை ஊன்றி, கொஞ்சம் யோசித்து, பின்காலை இழுத்துக்கொண்டு எழுந்தான். அதற்கும் அடுத்த வாரம் இரண்டு முறை விழுந்து எழுந்தான். நான் கைதட்டினேன். தட்டு நகர்வது அப்பா கண்ணில் படாமல் இருந்திருக்காது. காப்பிச் செடியில் ஒரு கிளை கூடக் குறைய இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனுஷர். ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் அந்த ஊசி இன்னொரு சனிக்கிழமைக்குத் தள்ளிப்போவதில் ஆட்சேபணை இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

மூன்றாவது வாரம் செம்மநத்தத்தில் சித்தி குழந்தைக்குக் காதுகுத்து. அம்மாவும் நானும் வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை மத்தியானம் திரும்பினோம். களத்துச் சுவரில் அப்பாவும் மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் தோல்பை நடுவில் இருந்தது. ஜிம்மியின் தட்டு அவன் மூக்குக்கு நேரே இருந்தது. அதில் சோறு காய்ந்து கிடந்தது.

"நீங்க போனதுல இருந்து தண்ணிகூடக் குடிக்கல. தலையத் தூக்கல" என்றார் அப்பா, அம்மாவிடம்.

எனக்குப் பயமே வரவில்லை. டீச்சர் இல்லாத வகுப்பு அப்படித்தான் இருக்கும். புதுப்பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தட்டைப் பழையபடி நாலடி தள்ளிவைத்து, "ஜிம்மி, வாடா!" என்றேன்.

அவன் எழுந்தான். எத்தனை தரம் விழுந்தான் என்று நான் எண்ணவில்லை. வந்து, தட்டைப் பார்க்காமல், என் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டான். அவனுக்குக் கீழே சிறுநீர் ஓடிச் சிமெண்டு நனைந்தது.

"பாத்தீங்களா!" என்றேன்.

மாமா பையைத் திறக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "தெம்பு இருந்து எந்திரிக்கலீங்க மாப்ள. புள்ள கூப்புடுதேன்னு எந்திரிக்கறான்" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டை நான் அதுவரை கேட்டதில்லை. அம்மா ஏன் சட்டென்று வீட்டுக்குள் போனாள் என்பதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "சாமி, நாளைக்குக் காலையில நீ கூப்புடாம இரு. அவனா வர்றானான்னு பாக்கலாம்."

"ஓ, வருவானுங்க" என்றேன். மாமா அன்று ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பனி விலகுகிற நேரம், சொன்னபடி படியில் உட்கார்ந்தேன். வாய்தவறிக் கூப்பிட்டுவிடக் கூடாதென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். தட்டு அவனுக்கு ஓரடி தூரத்தில் இருந்தது. ஜிம்மி என்னைப் பார்த்தான். காதைத் தூக்கினான். வால் சாக்கின்மேல் இரண்டு தரம் தட்டியது. அப்படியே வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நீளமாக ஒரு மூச்சை விட்டுவிட்டு, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் கடைசி நாளில் கவிழ்த்துவிட்டானே!

"போயித் தலையத் தடவிக் குடு கண்ணு" என்றார் அப்பா.

"மாட்டேன். நான் அவங்கூடக் காய்!"

சொல்லிவிட்டு வீட்டுக்குப் பின்னால் மிளகுக்கொடி படர்ந்த மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் முடிந்துவிட்டது, மாமா ஊசி போட்டதும் நொடியில் போய்விட்டான், வலியே இல்லை என்று சொன்னபோதுகூட நான் முகத்தைத் திருப்பவில்லை. மூன்று நாள் அவன் பெயரை எடுக்கவில்லை. தோற்றுப்போனவனை வேறென்ன செய்யமுடியும்?

அந்த மூன்று வாரமும் அவன் சோற்றுக்காக ஒரு தரமும் எழுந்ததில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் அவனுக்கு நான் செய்த ஒரே வைத்தியம் என்பதும் தெரியாது. தெரிந்திருந்தால் காய் விட்டிருக்கமாட்டேன். அவன் எழுந்து வரவேண்டிய அந்த ஓரடியை நானே நடந்துபோயிருப்பேன்.