கேப்டனுக்குப் போன கை எது

லண்டனில் படக்கடைகள் வரிசையாக இருந்த அந்தத் தெருவில் டார்கஸ் டிண்டலுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் தலைமாற்றி. ஒரு தளபதி தோற்றுப்போய் ஊர் வாயில் விழுந்துவிட்டால் அவர் படத்தை எவன் வாங்குவான்? அதற்காகச் செப்புத் தகட்டைத் தூக்கியா எறிய முடியும்? முகத்தை மட்டும் சுரண்டி வழவழப்பாகத் தேய்த்துவிட்டு, அதே உடம்பில் புது ஆளின் முகத்தைச் செதுக்க வேண்டும். அதில் டார்கஸை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரே உடம்பில் மூன்று மந்திரிகளையும் ஒரு பிஷப்பையும் அடுத்தடுத்து உட்கார வைத்தவள் அவள். பிஷப்பின் முறை வந்தபோது இடுப்பில் இருந்த வாளைச் சுரண்டிவிட்டுக் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தாள்.

கடிகார முகங்களில் எண் செதுக்கிக்கொண்டிருந்த அப்பா செத்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அவருடைய சிற்றுளிகளை எடுத்துக்கொண்டு படக்கடை முதலாளி மாபட்டிடம் போய் நின்றாள். அன்றிலிருந்து பத்தொன்பது வருஷம், அந்தக் கடையில் அவள் தொடாத முகம் இல்லை. ஆனால் படத்துக்குக் கீழே செதுக்கியவர் பெயர் போடுகிற இடத்தில் முதலில் உடம்பைச் செதுக்கிய யாரோ ஒருவரின் பெயர்தான் இருக்கும். அந்தப் பெயர்க்காரர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவளுக்கு வயிறு எரியும். சொல்லியும் பார்த்தாள்.

"பொம்பளைப் பேரைப் போட்டா எவன் வாங்குவான்?" என்பார் மாபட். "உனக்கு வேலை வேணுமா, பேரு வேணுமா?"

"ரெண்டும் வேணும் முதலாளி" என்பாள் இவள். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த வருஷ இலையுதிர் காலத்தில் கேப்டன் தோர்பர்ன் கடல் சண்டையில் ஜெயித்துவிட்டு, ஒரு கையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்புகிறார் என்று செய்தி வந்தது. அடுத்த வாரம் சனிக்கிழமை லண்டனில் ஊர்வலம். பன்னிரண்டு நாள்தான் இருந்தது. மாபட் பழைய தளபதியின் தகட்டை எடுத்து நீட்டினார். டார்கஸ் அதைக் கையில் வாங்கவே இல்லை. புதுத் தகடு கொடுங்கள், தலையும் உடம்பும் நானே செதுக்குகிறேன் என்றாள். நேரம் போதாது என்று அவர் கத்திப் பார்த்தார், கடைசியில் கொடுத்தார். பெயரைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

கேப்டனின் முகம் லண்டனில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அவருடைய அக்கா மிஸ் தோர்பர்னின் கழுத்துச் சங்கிலியில், தந்தத் துண்டின் மேல் நாலு வருஷத்துக்கு முன்னால் தீட்டிய, வாதுமைக் கொட்டை அளவுப் படம். அந்த அம்மாள் அதைக் கொடுத்தனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள். அதனால் தினமும் காலையில் டார்கஸின் மாடியறைக்கு அவளே வருவாள். சங்கிலியைக் கழற்றி மேஜையில் வைப்பாள். சோம்புக் கேக்கைக் கொறித்துக்கொண்டு, படத்தை யாரோ தூக்கிக்கொண்டு ஓடப்போகிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

செப்பில் செதுக்குவது காகிதத்தில் இடம் வலம் மாறி விழும். அதனால் அசல் படத்தைக் கண்ணாடியில் காட்டி, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்துத்தான் செதுக்குவாள். முகம் நாலு நாளில் முடிந்தது. பிறகுதான் சிக்கல் வந்தது.

"எந்தக் கைம்மா போச்சு?" என்று கேட்டாள் டார்கஸ்.

மிஸ் தோர்பர்னுக்குத் தெரியவில்லை. "ஒரு கை போயிடுச்சு, கவலப்படாதக்கான்னுதான் எழுதியிருக்கான். எந்தக் கைன்னு எழுதுற பழக்கம் அவனுக்கு எங்க? சின்ன வயசுலயே பாதிதான் சொல்லுவான்."

பத்திரிகைகளும் ஒரு கை என்றுதான் எழுதியிருந்தன. டார்கஸ் கடிதத்தைக் கேட்டு வாங்கினாள். சண்டைக்கு முன்னால் வந்த கடிதம் ஒன்றையும் கேட்டாள். இரண்டையும் ஜன்னலோரம் கொண்டுபோய், பூதக்கண்ணாடி வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். பத்தொன்பது வருஷமாக அடுத்தவர் எழுத்தைத் தலைகீழாகவும் திருப்பியும் செதுக்கியவளுக்கு எழுத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதே சாய்வு, அதே அழுத்தம், கோட்டின் முடிவில் அதே கொக்கி.

"சாப்பிடறது, எழுதறது எல்லாம் உங்க தம்பிக்கு எந்தக் கைம்மா?"

"சோத்துக் கைதான், எல்லாரையும் போல."

"அப்ப அந்தக் கை பத்திரமா இருக்கு. போனது இடது."

இடது சட்டைக்கையை மடித்து மார்பில் ஊசி குத்திய மாதிரி செதுக்கினாள். மிஸ் தோர்பர்ன் அதைப் பார்த்துக் கொஞ்சம் அழுதாள். அழுதுகொண்டே இன்னொரு கேக்கையும் சாப்பிட்டாள்.

புதன்கிழமை முதல் பிரதி எடுத்துப் பார்த்தார்கள். நன்றாக விழுந்திருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் மாபட் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"போச்சு. எல்லாம் போச்சு. எதிர்க்கடை பிக்கெட் நமக்கு முன்னாடி போட்டுட்டான். வந்து பாரு."

பிக்கெட் கடை வாசலில் கூட்டம். ஜன்னலில் கேப்டன் தோர்பர்ன் வரிசை வரிசையாகத் தொங்கினார். எல்லாவற்றிலும் வலது கை இல்லை. டார்கஸ் கூட்டத்தை இடித்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள். கன்னத்துச் சுருக்கம் அவள் போட்டது, அதுவும் திரும்பியிருந்தது. வாள் வலது இடுப்பில் தொங்கியது. கோட்டுப் பொத்தான்கள் பெண்கள் சட்டை மாதிரி மாறிப் போட்டிருந்தன. அச்சுக்கூடத்து ஆள் ஒருவனுக்கு பீர் வாங்கிக் கொடுத்துப் பிரதியைத் தட்டியிருக்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக நாலு பேர் உட்கார்ந்து, அவசரத்தில் கண்ணாடி வைக்காமல் அதை அப்படியே செம்பில் எழுதிவிட்டார்கள். அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. சிரிப்புதான் வந்தது.

"திருடத் தெரிஞ்சவனுக்குத் திருப்பத் தெரியல முதலாளி. இது நம்ம படம்தான், கவுந்து கெடக்கு."

மாபட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. "அது உனக்கும் எனக்கும் தெரியும். தெருவுல போறவனுக்கு என்ன தெரியும்? வலது கை போச்சுன்னு ஊரே பாத்துடுச்சு. நாளைக்கு நாம இடதுன்னு போட்டா நம்மளத்தான் பாத்துச் சிரிப்பான். சட்டைக்கையை மாத்து. ஒரு நாள் வேலைதான் உனக்கு."

"போனது இடது கை."

"நீ என்ன கப்பல்ல கூடப் போனியா?"

"கடுதாசியப் பாத்தேன்."

"கடுதாசி." மாபட் தலையில் கை வைத்துக்கொண்டார். "எவனாவது பக்கத்துல உக்காந்து எழுதிக் குடுத்திருந்தா? உன் எழுத்து சாஸ்திரத்த நம்பி ஐநூறு படம் அடிக்கணுமா நான்? கடை பேரு கெட்டுப்போகும்மா."

அடுத்தவர் எழுதிக் கொடுத்திருப்பார் என்கிற சந்தேகம் ஒரு கணம் டார்கஸையும் குத்தியது. அந்தக் கொக்கியை நினைத்துக்கொண்டாள்.

"கடை பேரு கெட வேணாம். எம் பேரு கெடட்டும்" என்றாள். "கீழ எம் பேரைப் போடறேன். தப்பாப் போச்சுன்னா, ஒரு பொம்பளை பண்ணின கோளாறுன்னு சொல்லித் தப்பிச்சுக்கங்க."

மாபட் தலையிலிருந்து கையை எடுத்தார். பத்தொன்பது வருஷமாகத் தர மறுத்த ஒன்றால் தனக்கே இப்படி ஒரு லாபம் இருக்கும் என்று அந்த மனுஷன் நினைத்துப் பார்த்ததில்லை. "முழுப் பேரையும் போடு" என்றார் தாராளமாக. "பொம்பளைன்னு தெளிவாத் தெரியணும்."

அன்று சாயங்காலம் ஜன்னல் வெளிச்சத்தில் அவள் தன் பெயரைத் திருப்பிச் செதுக்கினாள். எத்தனையோ பேர் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு செதுக்கியவள், தன் பெயரின் முதல் எழுத்துக்கே மூன்று முறை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பயமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. தெருவில் எள் போட்டால் விழாத கூட்டம், பாதிப் பேர் கையில் பிக்கெட் படம். மாபட் கடையில் இருபது கூடப் போகவில்லை. ஊர்வல வண்டி வந்தபோது கேப்டன் மழைக்காகத் தோளிலிருந்து முழங்கால்வரை போர்வை போர்த்திக்கொண்டிருந்தார். எந்தக் கை இருக்கிறது, எது இல்லை, ஒன்றும் தெரியவில்லை. கடை வாசலில் மிஸ் தோர்பர்ன் டார்கஸின் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தாள். மாபட் இருவரையும் விட்டு நாலடி தள்ளியே நின்றார்.

"ஏலே தம்பி" என்று கூப்பிட்டாள் மிஸ் தோர்பர்ன். கௌரவமான வீட்டுப் பெண் நடுத்தெருவில் அப்படிக் கூப்பிடக் கூடாதுதான்.

கேப்டன் திரும்பினார். அக்காவைப் பார்த்ததும் போர்வையைத் தள்ளிவிட்டுத் தொப்பியை எடுத்து உயர்த்தினார். உயர்த்தியது வலது கை. இடது சட்டைக்கை மடிந்து மார்பில் ஊசி குத்திக் கிடந்தது.

கூட்டத்தில் எவனோ பிக்கெட் படத்தையும் கேப்டனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்க, சிரிப்பு தெருக்கோடிவரை போனது. கால்மணி நேரத்தில் மாபட் கடையில் நிற்க இடமில்லை. சிப்பி விற்கிற ஒருத்தி படத்தை விரித்துக் கீழே இருந்த எழுத்தைக் கூட்டிப் படித்தாள். "டார்... கஸ். பொம்பளைப் பேராட்டம் இருக்கே?"

"இருந்துட்டுப் போவுது. கை சரியா இருக்கா இல்லையா?" என்றான் அவள் புருஷன்.

டார்கஸ் இதைக் காதால் கேட்டாள். கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் படத்தின் விலை இரண்டு ஷில்லிங்கை மேஜையில் வைத்தாள்.

மாபட் பதறிப்போனார். "என்னம்மா இது, நீ போயி காசு குடுத்துக்கிட்டு. எத்தனை வேணுமோ எடுத்துக்க."

"வேணாம் முதலாளி. எம் பேரு போட்ட சாமானை நான் ஓசில வாங்க மாட்டேன்."

காசை அவர் பக்கம் தள்ளிவிட்டு, படத்தைச் சுருட்டாமல், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.