சீட்டில் எழுதிக் கொடுத்தது

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என்னால் சிறுநீரை அடக்க முடியாமல் போனது. இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் கொஞ்சம் கசிந்துவிடும். அம்மாவிடம் சொன்னேன். "பிள்ளை பெத்தவளுக்கு அதெல்லாம் அப்படித்தான் இருக்கும். வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றாள். நானும் சொல்லவில்லை. ஒன்பது வருஷம்.

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு சரி, சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீர் தொட மாட்டேன். அதில் நீர்க்கடுப்பு வேறு வந்து சேர்ந்தது. ஆசிரியர் அறையில் யாராவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். எனக்குத் தலைக்கனம் என்று ஒரு பேச்சு ஓடியது. சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து ஒருத்தி ஓடுகிறாள் என்று யாருக்குத் தோன்றும்?

போன சீசனில் குடும்பத்தோடு குற்றாலம் போயிருந்தோம். பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். அருவிக்கு அடியில் ஒரு அம்மா வழுக்கி விழ, அவரைப் பிடிக்கப் போன என் மதினியும் சேர்ந்து தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். எல்லோரும் நனைந்து நிற்கிற இடத்தில் எனக்கு என்ன பயம்? சேலை மாற்றிக்கொண்டு வேனில் ஏறிய பிறகுதான் ஆத்திரம் வந்தது. நான் நிம்மதியாகச் சிரிக்க மலையிலிருந்து தண்ணீர் கொட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்த வாரமே ஒரு பெண் டாக்டரிடம் போனேன். டோக்கன் கொடுத்த நர்ஸ், வரிசை முழுக்கக் கேட்கும்படி, "என்ன செய்யுதுக்கா?" என்றாள். எனக்குப் பின்னால் நின்றது என் மாணவி ஒருத்தியின் அம்மா.

"டீச்சர், நீங்க எங்க இங்கன?"

"தலைவலி" என்றேன்.

மகப்பேறு டாக்டரிடம் தலைவலிக்குப் போனவள் அந்த ஊரிலேயே நானாகத்தான் இருப்பேன். உள்ளே போயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த டோக்கன்காரி அதே அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்து அந்தச் சீட்டைக் கசக்கி எறிந்தேன். நாற்பத்தைந்து பிள்ளைகள் முன்னால் தொண்டை கிழியக் கத்துகிறவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

இரண்டாம் முறை போனபோது தயாராகப் போனேன். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, நான்காக மடித்து, நர்ஸ் கையில் கொடுத்தேன். அவள் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன எழுத்துக்கா? இருமினா... மூத்திரமா?" என்று கேட்டாள்.

பெஞ்சில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. முகம் எரிந்தது. ஓடிவிடலாம் என்று திரும்பினேன். ஆனால் இனி மறைக்க என்ன இருக்கிறது?

"ஆமா, மூத்திரந்தான். அடக்க முடியல. எழுதிக்கோங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.

உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த அம்மா என் பக்கம் சாய்ந்தார். வடகரையிலிருந்து வருகிறாராம். "எனக்கும் அதான் தாயி. இடுப்பு வலின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"உள்ள போயி உள்ளதச் சொல்லுங்கம்மா."

"பாப்போம்" என்றார். சொன்னாரோ என்னவோ.

என் முறை வந்தது. அடுத்த ஆளை வெளியே நிற்கச் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் ஸ்டூலில் இருந்தவளை வெளியே அனுப்பிவிட்டு, எழுந்து கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பரிசோதித்தார்.

"எத்தனை வருசமா இருக்கு?"

"ஒம்பது."

"ஒம்பது வருசமா என்ன பண்ணுனீங்க?"

என்ன சொல்வது? தண்ணீர் குடிக்காமல் இருந்தேன் என்றா?

தசை தளர்ந்திருக்கிறது, பயிற்சி செய்தால் பெரும்பாலும் சரியாகும், சரியாகாவிட்டால் அடுத்து என்ன செய்யலாம் என்று பார்க்கலாம் என்றார். சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, பத்து எண்ணி, விட வேண்டும். தினம் மூன்று வேளை. அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடச் செய்யலாம், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. இதற்கா ஒன்பது வருஷம் என்று வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

கணவரிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று வருத்தப்பட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நீங்கள் ஏன் கேட்கவில்லை என்று நான் திருப்பிக் கேட்டேன்.

நாலு மாதத்தில் முக்கால்வாசி குறைந்துவிட்டது. தும்மும்போது மட்டும் இன்னும் சந்தேகம்தான்.

சென்ற மாதம் எங்கள் அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பு முடிந்து வந்தாள். பாடவேளைக்குப் பாடவேளை கழிப்பறைக்கு ஓடுகிறாள். தனியாகக் கூப்பிட்டு என் கதையையும் டாக்டர் சொன்ன பயிற்சியையும் சொன்னேன். அவள் சட்டென்று வாசலைப் பார்த்தாள்.

"ஐயோ, மெதுவாப் பேசுங்க டீச்சர். எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.