ஐம்பது அடி இல்லாத ஊர்

எங்கள் தொழிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதென்றால், கக்கூஸ் குழி நிறையும் வரை எங்களை யாருக்கும் தெரியாது; நிறைந்துவிட்டால் எங்களைத் தவிர வேறு யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். மாத்தளைப் பக்கத்து உள்ளூர் சபையொன்றில், குழி உறிஞ்சும் பவுசர் லொறியோடு ராத்திரி வேலை பார்த்தவன் நான். வீட்டுக்குப் பின்னால் ஒரு குழியையும், அது எப்போது பொங்குமோ என்ற பயத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு வாழும் சக துன்பக்காரர்களே, உங்களுக்கு இதெல்லாம் புரியும்.

ராத்திரியில் ஏன் என்றால், பவுசர் வந்ததை அயல்வீட்டார் பார்க்கக் கூடாது. அது வீட்டுக்காரர்களின் மானப் பிரச்சினை. எனக்கும் அதுதான் தோது. எப்படியும் தூக்கம் வராது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், மிச்சத்தை லொறியின் முன் சீட்டில் டோர்ச் வெளிச்சத்தில் படித்துக்கொண்டேன். கடலை சுற்றிய தாள் வரைக்கும் விடவில்லை.

பாதி ஊர்

சண்டை நடந்த வருஷங்கள். யாழ்ப்பாண வீதியில் போகிற லொறியெல்லாம் நின்று, வயிற்றைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம், பலாபத்வலைப் பக்கத்துச் சாவடியில் எங்களை மறித்தார்கள். சிப்பாய் அந்த இடத்துக்குப் புதியவன். தாங்கியைத் திறக்கச் சொன்னான். எங்கள் டிரைவர் சோமே, "வேணாம் மல்லி, சொன்னாக் கேளு" என்று, தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் கெஞ்சினார். கட்டளை கட்டளைதான் என்றான் அவன். திறந்தோம்.

பின்னால் வரிசையில் நின்ற பஸ்ஸின் ஜன்னல்களெல்லாம் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. சிப்பாய் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உள்ள என்ன?" என்றான். சோமே பணிவாக, "பாதி ஊர், சேர்" என்றார். அவன் சிரிக்கவில்லை. தள்ளிப் போய் நின்று, கண்ணில் வந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"மீதிப் பாதி என்னைக்கு வருதுன்னு முன்கூட்டியே சொல்லுங்க. அன்னைக்கு நான் லீவு போடணும்."

நாடாவின் மறுமுனை

இருட்டிய பிறகு பவுசர் ஓடுவதைச் சபையே நிறுத்திவிட்டது. என்னைப் பகலில் சுகாதாரப் பரிசோதகரோடு போய் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ராத்திரியில் ஒரு வீட்டுக்குக் குழி மட்டும்தான் உண்டு; பகலில் அதற்கு முகங்களும் சேர்ந்துவிடுகின்றன. சிங்களத்தில் ஐயாவை மாத்தயா என்பார்கள்; ஜெயசேன மாத்தயா என்ற அந்தப் பரிசோதகர் நல்ல மனிதர். எங்களோடு பழகி எங்கள் தமிழையே பேசுவார். விதி என்று வந்தால் மட்டும் காது கேட்காது. குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஐம்பது அடி இருக்க வேண்டும். இது விதி. ஐம்பது அடி மிச்சமிருந்தால் அதில் இன்னொரு வீடு கட்டிவிடுகிற ஊர் எங்களுடையது. நாடாவைத் தொய்யவிட்டுப் பிடித்தால் அடி கூடும் என்பது அங்கே தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

உக்குவளையில் ஒரு ஒழுங்கை, குறுகலான சந்து. அதில் நபீஸா தாத்தாவின் வீடு. முஸ்லிம்கள் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள், சொல்லு என்பதைச் செல்லு என்பார்கள்; அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மிளகு, கறுவா வாங்கி விற்று, தனியாளாக நின்று அந்த வீட்டைக் கட்டினார். மகள் ரிஹானாவுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டிய வீடு. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கல்யாணம். குடியிருக்கத் தகுந்தது என்று சபை கொடுக்கும் சான்றிதழ் கைக்கு வராமல் நாள் குறிக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். மாத்தயா அளந்தார். இடப்பக்கம் செல்லம்மா டீச்சரின் கிணறு. வலப்பக்கம் பண்டார மாத்தயா என்ற சிங்களவரின் கிணறு. எந்தப் பக்கம் இழுத்தாலும் நாடா ஐம்பதில் பாதியைக்கூடத் தொடவில்லை. நான் தொய்யவிட்டுப் பிடித்தும் தொடவில்லை.

மாத்தயா தலையை ஆட்டினார். நபீஸா தாத்தா இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அப்போ கிணறுகளக் கொஞ்சம் தள்ளி வைக்கச் செல்லுங்க மாத்தயா. எனக்குத் தள்ளுறதுக்கு எடமில்ல."

கத்தாரில் இருந்த மூடி

மாத்தயா யோசித்து ஒரு வழி சொன்னார். குழியே வேண்டாம். தண்ணீர் கசியாத சீமெந்துத் தாங்கி. அதிலிருந்து தெளிந்து வருவது முழங்கால் ஆழமுள்ள சீமெந்துத் தொட்டிக்குள் போகும். தொட்டி நிறையக் கருங்கல் சல்லி, அதன்மேல் கல்வாழை. அழுக்கை வேர் தின்னும், தண்ணீரைச் செடியும் வெயிலும் குடிக்கும், மண்ணுக்குள் எதுவும் இறங்காது. சபை இதைப் பரீட்சார்த்தமாக அனுமதித்தது. அக்கம்பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் சுத்தமென்று ரிப்போட் வந்தால் சான்றிதழ்.

செல்லம்மா டீச்சர் உடனே எதிர்த்து மனுப் போட்டார். ஓய்வு பெற்றவர், ஒழுங்கையே அவரிடம் படித்ததுதான். "என் கிணத்துக்குப் பக்கத்தில பூந்தோட்டம்னு பேர் வச்சு கக்கூஸ் கட்டுறாங்க" என்று மாத்தயாவைப் பிடித்துக்கொண்டார். மாத்தயா பொறுமையாக, "சரி டீச்சர், ஒங்க குழி எங்க?" என்று கேட்டார். டீச்சர் திரும்பி முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். முற்றம் முழுக்கச் சீமெந்து. மூடி எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. கட்டிய கொத்தனார் முனியாண்டி பாஸ், வேலைக்குக் கத்தார் போய்விட்டார்.

டெலிபோன் பேசுகிற கொமினிகேசன் கடைக்கு டீச்சரைக் கூட்டிப்போனேன். லைன் கிடைத்தது. அந்த நாளில் வெளிநாட்டுக்குப் பேசுவதென்றால் கத்தித்தான் பேச வேண்டும். கடையில் நின்ற எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். மாமரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் என்றார் பாஸ். மாமரத்தை வெட்டியாகிவிட்டது என்றார் டீச்சர். கல்? அதையும் எடுத்தாகிவிட்டது. அப்புறம் பாஸின் குரல் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது:

"நீங்க பின்னேரத்துல கிணத்தடியில கதிரையப் போட்டுப் பேப்பர் வாசிப்பீங்களே டீச்சர், அந்தக் கதிரைக்கு நேர் கீழதான்!"

திரைக்குப் பின்னால்

தொட்டிக்கு மண் வெட்டத் தொடங்கினோம். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண் உள்ள வீடு. கூலிக்கு வந்த ஆம்பிளைகள் முற்றத்தில் நிற்கலாமா? நபீஸா தாத்தா பழைய சேலைகளையும் சாக்குகளையும் இணைத்து, தோண்டுகிற இடத்தைச் சுற்றித் திரை கட்டிவிட்டார். அந்த வருஷங்களில் திரைக்குப் பின்னால் குழி தோண்டினால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. ஆயுதம் புதைக்கிறோமென்று யாரோ சொல்லி, மறுநாள் ஜீப் வந்தது.

என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த பொலிஸ் சார்ஜன், தமிழ்ப் பேரைப் படித்ததும் இன்னொரு தடவை படித்தார். அப்படிப் பேர் பார்த்து ஏற்றின ஜீப்பிலிருந்து திரும்பி வராதவர்களை எனக்கும் தெரியும். ரிஹானா ஜன்னலுக்குப் பின்னால் அழுகிற சத்தம் கேட்டது. அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பண்டார மாத்தயா வந்தார். இரண்டு கையிலும் சேறு, சேற்றில் கல்வாழைக் கிழங்கு. சிங்களத்தில் அதற்குப் புத்சரண என்று பேர். தன் வேலியோரத்தில் கிடந்ததை நடுவதற்காகப் பிடுங்கிக்கொண்டிருந்தவர், "பூச்செடி வைக்கத்தான் சேர். நானே கிழங்கு கொடுக்கிறேன், பாருங்க" என்று சார்ஜனின் கையிலேயே ஒன்றை வைத்துவிட்டார். சார்ஜன் திரையை விலக்கிக் குழிக்குள் குதித்தார். மண் அவர் முழங்காலுக்குத்தான் வந்தது. உள்ளேயே ஒரு சுற்று நடந்தார், என்னைப் பார்த்தார், கிழங்கைப் பார்த்தார்.

"இதுக்குள்ள ஒரு ஆட்டுக்குட்டியக்கூட ஒளிக்க முடியாது. திரையக் கழட்டிட்டு வேலையப் பாருங்க."

சுத்தம் கூடினால்

கல்வாழை ஒரு மாதத்தில் இடுப்புயரம் வந்தது. அப்புறம் ஒரு வாரத்தில் மஞ்சளித்துத் தலை சாய்ந்தது. தாங்கிப் பக்கம் போனால் பழைய வாசனை. தண்ணீரைச் சோதனைக்கு எடுக்கும் நாள் கிட்டத்தில். எனக்கு வழக்கமாக வராத தூக்கம் இன்னும் தூரம் போனது. இது சரிவராது என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். நான் தங்கியிருந்த அறைக்குப் பின்னால் ஒரு தடவை சமையல் கழிவுத் தண்ணீருக்கு வாழை வைத்து, அது நாறிப்போன அனுபவம் இருக்கிறது.

மாத்தயா ஒரு நிமிஷம் மோந்து பார்த்தார். "இங்க என்ன ஊத்துறீங்க?" நபீஸா தாத்தா பெருமையோடு வெள்ளைத் தூள் டின்னைக் கொண்டுவந்து காட்டினார். மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைகள் எந்த நேரமும் வீடு பார்க்க வரலாம் என்று, கிருமி கொல்லும் தூளைக் காலையும் மாலையும் கரைத்து ஊற்றியிருக்கிறார். தாங்கிக்குள் அழுக்கைத் தின்று வேலை செய்வதே கிருமிகள்தான், அவற்றைக் கொன்றுவிட்டீர்கள் என்று மாத்தயா விளக்கினார். தூளை நிறுத்தி, ஒரு வாளி சாணம் கரைத்து ஊற்றச் சொன்னார். தாத்தா டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொறந்த நாள்லேந்து எல்லாரும் சுத்தமா இரி, சுத்தமா இரின்னுதான் செல்லினாங்க. கொஞ்சம் அழுக்கா இரின்னு செல்ல வந்த மொத ஆள் நீங்கதான் மாத்தயா."

போத்தல் தண்ணீர்

சாணம் வேலை செய்தது. செடி நிமிர்ந்து மொட்டும் விட்டது. மாத்தயா இரண்டு கிணற்றிலும் போத்தலில் தண்ணீர் எடுத்துக் கண்டிக்கு அனுப்பினார். ரிப்போட் வரும் வரை நபீஸா தாத்தா தினமும் சபை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டார், எதுவும் கேட்கமாட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதற்குக் கேட்டிருந்தாலே பரவாயில்லை.

ரிப்போட் வந்தது; எல்லோரையும் சபைக்குக் கூப்பிட்டார்கள். தொட்டிக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்த பண்டார மாத்தயாவின் கிணறு சுத்தம். தூரத்திலிருந்த டீச்சரின் கிணறு அசுத்தம். "நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று டீச்சர் எழுந்துவிட்டார். மாத்தயா இன்னொரு தாளை எடுத்து வைத்தார். செடி நடுவதற்கு முன்பே அதே கிணற்றிலிருந்து எடுத்த போத்தலின் ரிப்போட். அதிலும் அதே அசுத்தம். யாரும் கதிரையைப் பற்றிப் பேசவில்லை. சான்றிதழில் கையெழுத்து விழுந்தது. தாத்தா அதை முந்தானைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, வாசல்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதார்.

அடுத்த வாரம் ஒழுங்கையில் டீச்சர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அது ஒன்றுதான்:

"நபீஸா வீட்டுல கல்வாழைக் கிழங்கு மிச்சமிருந்தா கொஞ்சம் வாங்கிக்கிட்டு வாப்பா. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிப்புடாத."

மாப்பிள்ளை மேசை

கல்யாணத்தன்று காலையில் கண்டியிலிருந்து வர வேண்டிய பூ வரவில்லை. வழியில் ஏதோ சோதனை. பூ ஏற்றி வந்த வானை அங்கேயே நிறுத்திவிட்டார்களாம். அக்குறணையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளை உட்காரும் இடம் மொட்டையாக இருந்தது. நபீஸா தாத்தா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். செல்லம்மா டீச்சர் கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். வரும்போது கை நிறையச் சிவப்பும் மஞ்சளுமாகக் கல்வாழைப் பூ. தன் வீட்டுப் பித்தளைச் செம்பில் அடுக்கி மாப்பிள்ளை மேசையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் தொட்டியை யாரும் மிதித்துவிடாமல் பின்பக்கம் காவல் நின்றேன். ஜெயசேன மாத்தயா வெள்ளைச் சட்டையில், கையில் வட்டிலப்பம் என்ற இனிப்புக் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். குசினி வாசலில் மாப்பிள்ளையின் உம்மா நபீஸா தாத்தாவைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு செழிப்பான பூவை எந்தக் கடையில் வாங்கினீர்கள், என்ன உரம் போடுகிறார்களாம் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மாத்தயாவின் கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. தாத்தா எங்களை ஒரு தரம் பார்த்தார், முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"கடைப் பூ இல்ல மதினி, நம்ம வூட்டுப் பூதான். இந்நேரம் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினதில்ல."

அந்த ஒழுங்கையில் ஐம்பது அடி மட்டும் இருந்திருந்தால், இந்த மூன்று வீட்டாரும் சாகும்வரை ஒருவரையொருவர் எட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள் என்பதுதான், சட்டப் புத்தகத்தில் இல்லாத என் ஒரே கண்டுபிடிப்பு.